பதினெட்டு கிலோவும் பதினெட்டு கிலோமீற்றரும்

போன டிசம்பர் லீவில் சித்தி மகள் கையில் ஒரு பேப்பரோடு எங்கள் லயத்துக்கு வந்தாள். பதினேழு வயசு. செவன்ஸ் றக்பி விளையாடுகிறவள். ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அங்கே முதுகில் ஜி.பி.எஸ் கருவியை மாட்டி விளையாட விட்டிருக்கிறார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு ரிப்போர்ட். அவளுடைய ரிப்போர்ட்டில் "அதிவேக ஓட்டம்" என்ற கட்டத்துக்கு நேரே ஒரு சின்ன எண், அதைச் சுற்றி சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால்: உழைப்பு போதாது.

அம்மா அப்போதான் மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாங்க. பேப்பரை வாங்கிப் பார்த்தாங்க. ஆங்கிலம் தெரியாது. ஆனா எண்ணும் கட்டமும் சிவப்பு வட்டமும் அவங்களுக்கு நல்லாவே தெரியும். முப்பது வருசமா பார்க்கிறது.

"ஏன் புள்ள, இதுலயும் அரைப்பேர்தான் போட்டிருக்காங்களா?"

எல்லாரும் சிரிச்சோம். ராத்திரி படுத்தப்புறம் எனக்குச் சிரிப்பு வரல. அம்மா கேட்டது பகிடி இல்லைன்னு அப்பத்தான் விளங்கிச்சு.

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவங்களுக்காக ஒரு விளக்கம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண் ஒரு நாளைக்குக் கம்பெனி சொல்கிற கிலோவை எடுத்தால்தான் முழுப்பேர். எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பல தோட்டங்களில் அந்த எண் 18 கிலோவாக இருந்து வந்தது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததும், சில இடங்களில் 20 கிலோ கேட்கத் தொடங்கினார்கள். சம்பளத்தை ஒரு கையால் கொடுத்து, எண்ணைக் கூட்டி மற்றக் கையால் வாங்குகிற வித்தை. மழைக்காலமா வெயில்காலமா, கொழுந்து தழைத்திருக்கிற மலையா கவ்வாத்து வெட்டின மலையா, பறிக்கிறவளுக்கு இருபது வயசா ஐம்பத்தைந்தா என்றெல்லாம் தராசு கேட்காது. நிறுத்துவிட்டு, தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் துண்டில் எழுதுவார்கள்.

சித்தி மகளின் ரிப்போர்ட்டிலும் ஒரு 18 இருந்தது. மணிக்கு 18 கிலோமீற்றர். அதற்கு மேலே ஓடினால்தான் "அதிவேக ஓட்டம்" என்று கணக்கு. 17.9இல் ஓடினால் அந்தக் கட்டத்தில் பூச்சியம். இந்த 18ஐயும் யாரோ எங்கேயோ தீர்மானித்திருக்கிறார்கள். யார், யாருடைய உடம்பை வைத்து? எனக்கிருக்கிற சண்டை அதோடுதான்.

கருவி என்ன செய்கிறது?

முதலில் கருவியைப் பற்றி. இறுக்கமான ஒரு கையில்லாச் சட்டை. அதன் முதுகுப் பக்கம், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு சின்னப் பை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி அதற்குள் இருக்கும். செய்மதிகளிலிருந்து வருகிற சமிக்ஞையை வைத்து, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு வேகமாக நகர்கிறீர்கள் என்று விநாடிக்குப் பத்துத் தடவை குறித்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் கணினியில் இறக்கினால் மொத்தத் தூரம், நிமிடத்துக்கு எத்தனை மீற்றர், உச்ச வேகம், எந்தெந்த வேகத்தில் எவ்வளவு தூரம் என்று எல்லாம் வரும்.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்க. உங்கள் இடமும் வேகமும் கருவி அளந்தது. ஆனால் "மெதுவான ஓட்டம்", "மிதமான ஓட்டம்", "அதிவேக ஓட்டம்" என்ற பிரிப்பு கருவி அளந்ததல்ல. அந்தக் கோடுகளை மனிதர்கள் கீறி மென்பொருளுக்குள் போட்டிருக்கிறார்கள். வேகம் செய்மதியிலிருந்து வருகிறது, "உழைப்பு போதாது" என்பது அலுவலகத்திலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே பேப்பரில் ஒரே எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தால் இரண்டும் விஞ்ஞானம் மாதிரித்தான் தெரியும்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது?

மணிக்கு 18 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 5 மீற்றர். ஆண்களின் ஆட்டங்களை அளந்து புழக்கத்துக்கு வந்த கோடு அது. பெண்கள் றக்பிக்கு ஜி.பி.எஸ் வந்தபோது கோடும் கூடவே வந்தது. அண்ணனுடைய பழைய சப்பாத்தைத் தங்கச்சிக்குப் போட்டுவிட்டு, ஏன் நொண்டுகிறாய் என்று கேட்கிற மாதிரி.

இதை யாரும் கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கேட்டிருக்கிறார்கள். 2015இல் கிளார்க், ஆன்சன், பைன் என்ற மூன்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பெண்கள் செவன்ஸை வைத்தே ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் செய்த வேலை எளிமையானது. வீராங்கனைகளை ஆய்வுகூடத்தில் ஓடவிட்டு, எந்த வேகத்தில் மூச்சு தாறுமாறாக ஏறத் தொடங்குகிறது, அதாவது உடம்பு "இனி இதை ரொம்ப நேரம் தாங்க மாட்டேன்" என்று சொல்கிற இடம் எது என்று பார்த்தார்கள். சராசரியாக அது விநாடிக்கு 3.5 மீற்றர், மணிக்கு 12.6 கிலோமீற்றர். 5 மீற்றர் கோட்டை வைத்து அதே வீராங்கனைகளின் ஆட்டங்களைக் கணக்குப் பார்த்தபோது, அவர்களுடைய கடுமையான ஓட்டத்தை அது 30 சதவீதம் வரை குறைத்துக் காட்டியது.

30 சதவீதம். 18 கிலோ கொழுந்தில் 30 சதவீதம் கழித்தால் 12.6 கிலோ. அந்த இரண்டு எண்ணும் இங்கேயும் வந்து நிற்கிறது தற்செயல்தான். ஆனா 18 கிலோ பறித்தவளுடைய துண்டில் 12.6 என்று எழுதினால் எந்த மலையிலும் அன்றைக்குச் சண்டை வரும். ரிப்போர்ட்டில் எழுதினால் மட்டும் நாம "சரி சேர், நல்லா ஓடுறேன்" என்று சொல்லிவிட்டு வருகிறோம்.

அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பெண்களுக்கென்று ஒரு சராசரிக் கோட்டைப் போட்டாலும், ஒவ்வொருத்திக்கும் அவளவளுடைய கோட்டை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். 3.5ம் வேதவாக்கு இல்லை. அது அந்த அணியின், அந்த வருசத்து எண். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைக்கு அது 3.2ஆகவும் இருக்கலாம், 3.8ஆகவும் இருக்கலாம். அளந்து பார்த்தால்தான் தெரியும். அளக்காமல் கோடு போடுகிற உரிமை யாருக்கும் இல்லை.

இன்னும் தெளிவாக விளங்க ஒரு கணக்கு. றக்பிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த "ப்ரொங்கோ" என்றொரு ஓட்டப் பரீட்சை இருக்கிறது. 20 மீற்றர் போய்த் திரும்பி, 40 மீற்றர் போய்த் திரும்பி, 60 மீற்றர் போய்த் திரும்பி, இப்படி ஐந்து தடவை. மொத்தம் 1,200 மீற்றர். இதை ஒரு பிள்ளை 5 நிமிடம் 40 விநாடியில் முடித்தால் அவளுடைய சராசரி வேகம் விநாடிக்கு 3.5 மீற்றர். நாக்கு வெளியே தள்ளிக் கீழே விழுகிற ஓட்டம் அது. சராசரி 5 மீற்றர் வேகத்தில் முடிக்க வேண்டுமென்றால் 4 நிமிடத்தில் முடிக்க வேண்டும். நியூசிலாந்தின் பியூடன் பாரெட், உலகின் மிகச் சிறந்த ஆண் வீரர்களில் ஒருவர், 2020இல் அதை 4 நிமிடம் 12 விநாடியில் முடித்தது உலகச் செய்தியானது. சும்மா இரண்டு விநாடி 5 மீற்றரைத் தொடுவது வேறு, ஐந்து நிமிடம் தாங்குவது வேறு, அது எனக்கும் தெரியும். நான் சொல்ல வருவது, 3.5க்கும் 5க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி என்பது "ஜொகிங்" இல்லை. ஒரு பதினேழு வயசுப் பிள்ளை தன்னிடம் இருக்கிறதையெல்லாம் கொட்டுகிற இடம் அது. ரிப்போர்ட் அந்த இடத்துக்கு "மிதமான ஓட்டம்" என்று பெயர் வைத்திருக்கிறது.

சராசரி என்கிற மூடுதுணி

இரண்டாவது களவு சராசரியில் நடக்கிறது. சர்வதேசப் பெண்கள் ஆட்டத்தில், 15 பேர் விளையாடுகிற வகையில், முழு ஆட்டமும் ஆடுகிறவள் 5 முதல் 6 கிலோமீற்றர் ஓடுகிறாள். 80 நிமிடத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்கு 70 மீற்றர் அளவில் வரும். கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். லயத்திலிருந்து கடைக்கு நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் அதே ஆட்டத்தில் மிக உக்கிரமான ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், அது சராசரியைப் போல இரு மடங்கு அளவுக்குப் போகும். எதிரணிப் பிள்ளை ஓரத்தால் பிய்த்துக்கொண்டு ஓடுகிறாள், இவள் துரத்திப் பிடித்து விழுத்துகிறாள், எழும்புகிறாள், மறுபடி ஓடுகிறாள். ஆட்டம் வெல்வதும் தோற்பதும் அந்த நிமிடத்தில்தான்.

செவன்ஸ் அதைவிட மோசம். ஏழேழு நிமிடமாக 14 நிமிடம், ஏழு பேர், ஆனால் மைதானம் அதே பெரிய மைதானம். சர்வதேச மட்டத்தில் ஒருத்தி அந்த 14 நிமிடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடுகிறாள். அதுவும் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம். சராசரியை வைத்துப் பயிற்சி கொடுத்தால், சராசரி நிமிடத்துக்குத்தான் அவள் தயாராவாள். கடும் நிமிடம் வரும்போது அவளுடைய காலுக்கு அது புதுசு. காயம் வந்தால் "பிட்னஸ் இல்லை" என்று அவளையே குறை சொல்வார்கள்.

இதைச் சரி பண்ண புதுக் கருவி தேவையில்லை. அதே தரவை ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக நகர்த்திப் பார்த்தால் உச்ச நிமிடம் தெரிந்துவிடும். உலகத்தில் பல அணிகள் அப்படித்தான் பார்க்கின்றன. எங்கள் பிள்ளைகளின் கையில் வருகிற பேப்பரில்தான் மொத்தமும் சராசரியும் மட்டும் இருக்கிறது. மலையில மூணு தடவை நிறுத்தாலும் கடைசியில துண்டுல ஒரு எண்தான் இருக்கும்ல, அந்த மாதிரி.

சமதரை யாருடையது?

இப்போ எங்கள் ஊருக்கு வருவோம்.

றக்பி இந்த மலைக்குப் புதுசில்லை. தேயிலையோடு வந்த வெள்ளைக்காரத் துரைமாரின் ஆட்டம் அது. டிக்கோயா, டிம்புள்ள, ஊவா என்று தோட்டப் பகுதிகளின் பெயரிலேயே கிளப்கள் இருந்தன. 1926இல் தொடங்கிய கிளிஃபர்ட் கிண்ணத்துக்காகக் கொழும்பு அணிகளோடு மோதின. டிக்கோயா தரவளை மைதானத்தையும் நானுஓயாப் பக்கத்து ரதல்ல மைதானத்தையும் போய்ப் பாருங்கள். இத்தனை செங்குத்தான மலைகளுக்கு நடுவில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி சமதரை. மலையகத்தில் சமதரை என்பது ஒரு வர்க்கத்தின் சொத்து. தட்டையான நிலம் ஸ்டோருக்கும், பங்களாவுக்கும், கிளப்புக்கும். சரிவு தேயிலைக்கு. மிச்சமிருந்த ஓரத்தில் லயம். நூறு வருசத்துக்கு முன்னால் அந்தக் கம்பளத்தில் துரைமார் ஓடியபோது, எங்கள் பாட்டிமார் மேலே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜி.பி.எஸ் ரிப்போர்ட்டும் சமதரையின் மொழியில்தான் பேசும். அது பொதுவாகக் காட்டுவது கிடைமட்ட வேகத்தை. உயரத்தை அளப்பதில் செய்மதி எப்போதுமே கொஞ்சம் தடுமாறும். சித்தி மகளின் பாடசாலையில் சமதரை என்று இருப்பது ஒரு கரப்பந்தாட்ட மைதானம் அளவு. அதனால் அவள் அணி ஓடிப் பழகுவது பணிய லயத்திலிருந்து மேட்டு லயத்துக்குப் போகிற ரோட்டில். அந்த ஏற்றத்தில் ஓடுகிறவளின் வேகத்தை அளந்தால் கருவி என்ன சொல்லும்? மணிக்கு 7 கிலோமீற்றர். "நடை" என்ற கட்டத்தைக் கொஞ்சம் தாண்டி.

ஆனால் உடம்பின் கணக்கு வேறு. 2002இல் மினெட்டி என்ற இத்தாலிய உடலியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெவ்வேறு சரிவுகளில் ஆட்களை ஓடவிட்டு, ஒவ்வொரு மீற்றருக்கும் உடம்பு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று அளந்து ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அதன்படி, 5 மீற்றர் போனால் 1 மீற்றர் ஏறுகிற சரிவில், ஒவ்வொரு மீற்றருக்கும் சமதரையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு சக்தி போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஏற்றத்தில் விநாடிக்கு 2 மீற்றர் ஓடுகிற பிள்ளையின் உடம்பு, சமதரையில் விநாடிக்கு 5 மீற்றர் ஓடுகிறவளின் உடம்பு எரிக்கிற அதே அளவைத்தான் எரிக்கிறது.

விநாடிக்கு 5 மீற்றர். மணிக்கு 18 கிலோமீற்றர். அந்தச் சிவப்பு வட்டக்காரர்கள் கேட்ட அதே 18! அவள் ஒவ்வொரு நாள் பின்னேரமும் அந்த உழைப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பேப்பரில்தான் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2005இல் டி பிராம்பெரோ என்ற இன்னொரு இத்தாலிய ஆய்வாளரின் குழு, சமதரையில் ஒருவர் திடீரென்று வேகமெடுப்பதை ஒரு ஏற்றத்தில் ஓடுவதற்குச் சமமாக வைத்துக் கணக்கிடலாம் என்று காட்டியது. இன்றைக்குப் பல ஜி.பி.எஸ் மென்பொருள்களில் வருகிற சக்திக் கணக்குக்கு அடிப்படை அந்தச் சிந்தனைதான். ஆகவே, கொழும்பில் சமதரையில் ஓடுகிறவளின் உழைப்பைக் கணக்கிட ஒரு கற்பனை மலையை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். உண்மையான மலையில் ஓடுகிறவளுக்கு மட்டும் மலை கணக்கில் இல்லை.

அந்தக் கணக்குக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. றக்பி என்பது ஓட்டம் மட்டுமில்லை. ஸ்க்ரமில் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறவளின் வேகம் பூச்சியம். ஒருத்தியைப் பிடித்து விழுத்தி, அவள்மேல் விழுந்தவர்களுக்கு அடியிலிருந்து பந்தைப் பிடுங்குகிறவளின் வேகமும் பூச்சியம். மூச்சு முட்டுகிற வேலை, ஆனால் செய்மதிக்கு அவள் சும்மா நிற்கிறாள். மோதல் நிறைந்த ஆட்டங்களில் இந்த வகைக் கணக்கு உண்மையான சக்திச் செலவைக் குறைத்தே காட்டுகிறது என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் நிற்கிற கட்டையான, பலமான பிள்ளைகளின் ரிப்போர்ட் எப்போதும் மோசமாக வருவது ஏன் என்று இப்போ விளங்குதா?

இரண்டு பக்கத்துக்கும் பதில்

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "எண் பொய் சொல்லாது, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார். எண் பொய் சொல்லாது, சரி. ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் எண் பதில் சொல்லும். "இவள் 18 கிலோமீற்றருக்கு மேலே எவ்வளவு தூரம் ஓடினாள்?" என்று கேட்டால் அதற்குச் சரியான பதில் அந்தச் சின்ன எண்தான். "இவள் எவ்வளவு உழைத்தாள்?" என்று யாருமே கேட்கவில்லை. முதல் கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்கு ஒட்டியவர் மனிதர், கருவி இல்லை.

இன்னொரு பக்கம் வேறு ஒரு கூட்டம் இருக்கிறது. "மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு? அவங்களுக்கு இயல்பாவே ஸ்டெமினா இருக்கு" என்று பாசமாகச் சொல்கிறவர்கள். இந்தப் பாசம் எனக்குச் சிவப்பு வட்டத்தைவிடக் கூடப் பயம். இயல்பாகவே தாங்குவாள் என்று சொல்லித்தானே எங்கள் அம்மாமாரை அட்டைக்கடியிலும் மழையிலும் நிற்க வைத்தார்கள்? இயல்பாகத் தாங்குகிறவளுக்குச் சாப்பாடு தேவையில்லை, ஓய்வு தேவையில்லை, வைத்தியர் தேவையில்லை. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்த ஒரு பிள்ளை இரண்டாவது பாதியில் ஓடமுடியாமல் நின்றால் அது "உழைப்பு போதாது" இல்லை. சோத்தோடு சோறாகப் பிளேன்டீ குடித்தால் இருக்கிற இரும்பும் உடம்பில் சரியாகச் சேராது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தேயிலை விளைகிற மண்ணில், தேயிலை எடுக்கிற வீட்டில்! நல்லா அளந்தால், அந்த ரிப்போர்ட்டே அவளுடைய களைப்பை முதலில் காட்டிக் கொடுத்திருக்கும். அளவு அவளைக் காப்பாற்றியிருக்கும்.

அதனால் நான் கருவியை உடைக்கச் சொல்லவில்லை. எனக்குக் கருவி வேணும். என் தங்கச்சிக்கு நல்ல கருவியே வேணும். 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இலங்கைப் பெண்கள் செவன்ஸ் அணி ஆடியது. நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் கனடாவும் ஆடிய அதே போட்டி. அந்த நாடுகள் தங்கள் வீராங்கனைகளின் ஒவ்வொரு காலடியையும் எண்ணித்தான் பயிற்சி கொடுக்கின்றன. நம் நாட்டில் பெண்கள் றக்பியின் பெரிய அணிகள் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். அந்தப் பாதையில் ஒரு மலையகத் தமிழ்ப் பிள்ளை போவாளா, போகணுமா என்பது வேறொரு கட்டுரை. ஆனால் போகிறதா இல்லையா என்று அவள் தீர்மானிக்க வேண்டும். ஆணுடைய கோட்டை வைத்து ஒரு சிவப்புப் பேனை தீர்மானிக்கக் கூடாது.

கேட்க வேண்டியவை

பயிற்சி முகாம் நடத்துகிறவர்களிடமும், கோச்மாரிடமும், விளையாட்டுக்குப் பொறுப்பான டீச்சர்மாரிடமும் நாம கேட்க வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை.

ஒன்று, கோட்டை அவளவளுடைய உடம்பிலிருந்து போடுங்கள். ஆய்வுகூடம் இல்லையா? ப்ரொங்கோவுக்குத் தேவை 60 மீற்றர் நீளமும் ஒரு ஸ்டொப்வொட்சும். 1,200ஐ அவள் எடுத்த விநாடிகளால் வகுத்தால் அவளுடைய வேகம் வரும். அதிலிருந்து தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஓடவிட்டு, அவளை அவளோடேயே ஒப்பிடுங்கள்.

இரண்டு, சராசரியோடு நிறுத்தாமல் உச்ச நிமிடத்தையும் எழுதுங்கள். ஓட்டத்தோடு எத்தனை டாக்கிள், எத்தனை தடவை விழுந்து எழும்பினாள் என்பதையும் எழுதுங்கள். இதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

மூன்று, அவளிடம் கேளுங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஃபொஸ்டர் பிரபலப்படுத்திய ஒரு முறை இருக்கிறது. பயிற்சி முடிந்து அரை மணித்தியாலம் கழித்து, "எவ்வளவு கஷ்டமா இருந்திச்சு, பத்துக்கு எத்தனை?" என்று கேட்க வேண்டும். அவள் 7 என்று சொன்னால், பயிற்சி 60 நிமிடம் என்றால், 420. அவ்வளவுதான் கணக்கு. விலை பூச்சியம். உலகம் முழுக்க அணிகள் இதைப் பயன்படுத்துகின்றன. எனக்கு இந்த முறை பிடித்ததற்குக் காரணம் வேறு. எங்கள் மலையில் பெண்களை அளந்த எந்தத் தராசும் இதுவரை அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

நான்கு, எண் அவளுடையது. ரிப்போர்ட்டை அவளுக்கு விளங்குகிற மொழியில், தமிழில், அவளுடைய கையில் கொடுங்கள். அதில் என்ன கோடு, ஏன் அந்தக் கோடு என்று எழுதியிருக்க வேண்டும். அவள் முதுகில் மாட்டியது, அவள் காலால் ஓடியது, அவள் மூச்சால் எழுதியது. அவளுக்குத் தெரியாமல் யாருடைய கணினியிலோ கிடக்கக் கூடாது. 

ஐந்து, சமதரை. இதுதான் கஷ்டமானது, இதுதான் முக்கியமானது. துரைமாருக்காக வெட்டிச் சமப்படுத்திய மைதானங்கள் இன்னும் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு பின்னேரம் அந்தப் புல்லைத் தோட்டப் பாடசாலைப் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறையாது. ஆயிரக்கணக்கான டொலர் கருவியை முதுகில் மாட்டிவிட்டு, ஓட 100 மீற்றர் நிலம் கொடுக்காமல் விடுவது விஞ்ஞானம் இல்லை, வேடிக்கை.

கருவி உட்காருகிற இடத்தைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். எங்கள் அம்மாமாரின் முதுகில் கூடையும் சாக்கும் தொங்கிய அதே இடம். அந்த இடத்தை இருநூறு வருசமாக மற்றவர்கள் நிறுத்து எழுதிவிட்டார்கள். இனிமேல் அந்த முதுகிலிருந்து வருகிற எண்ணை அந்த முதுகுக்காரியே வாசிக்கணும்.

சித்தி மகள் லீவு முடிந்து போகிறதுக்கு முதல் நாள், ரோட்டில் 60 மீற்றரை அடியால் அளந்து கல் வைத்தோம். கல் வைத்த இடம் முழுக்கச் சமதரை இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு. போனில் ஸ்டொப்வொட்சைப் பிடித்தது அம்மா. ஐந்து சுற்றும் முடிச்சு மூச்சு வாங்கிக்கிட்டு வந்தவளுக்கு அம்மா முதலில் நேரத்தைச் சொல்லல.

"எப்படி இருந்திச்சு புள்ள, பத்துக்கு எத்தனை?"

"ஒம்பது பெரியம்மா."

"அப்ப முழுப்பேர்" என்று சொல்லி, அவளுடைய கொப்பியை வாங்கி, அம்மாவே எழுதினாங்க.